ஊருக்கு வந்து போகும் நாட்கள்: பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எப்படிக் கணக்கு வைக்கின்றன?

எங்கள் ஊர் திருவையாறு பக்கம். நான் லண்டனில், தம்பி டொராண்டோவில், சித்தப்பா மகள் மெல்போர்னில். மூன்று பேரும் குடியுரிமைக்கு மனு போடும்போது உட்கார்ந்து எண்ணியது ஒன்றைத்தான்: ஊருக்கு வந்து போன நாட்கள். அப்பா அம்மாவை ஊரில் தனியாக விட்டுவிட்டுப் போகிறவர்கள் சம்பளத்தையும் குளிரையும் ஒப்பிடுவதற்கு முன்னால் இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இருப்பதிலேயே கறார் பிரிட்டன்தான். 5 ஆண்டில் மொத்தம் 450 நாள், அதிலும் கடைசி 12 மாதத்தில் 90 நாள், அதற்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. பிரிட்டிஷ் குடிமக்களைக் கட்டியவர்களுக்கு 3 ஆண்டு, 270 நாள். பிரிட்டனை விட்டுக் கிளம்பும் நாளும் திரும்பிப் போய் இறங்கும் நாளும் இதில் சேராது, அது ஒரு ஆறுதல். ஆனால் மனு போய்ச் சேரும் தேதிக்குச் சரியாக 5 ஆண்டுக்கு முந்தைய அதே நாளில் நீங்கள் அந்த நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று இன்னொரு விதி உண்டு, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. நானும் கவனிக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் கடைசி ஆண்டுக் கணக்கு 131 நாள் ஆகிவிட்டது. சரி, பழைய பயணம் 12 மாதத்தைத் தாண்டட்டும் என்று காத்திருந்து ஒரு தேதி குறித்தால், அதற்கு 5 ஆண்டு முன்னால் அதே நாளில் தங்கை கல்யாணத்துக்காக ஊரில் இருந்திருக்கிறேன்! மறுபடி ஆறு வாரம் தள்ளிப் போட்டேன். தக்க காரணம் இருந்தால் அதிகாரிகள் தளர்த்தலாம், அந்த முதல் நாள் விதிக்கும் 2022-இல் வந்த சட்டம் அப்படி ஒரு வழி வைத்தது. ஆனாலும் மறுத்துவிட்டால் கட்டணம் போனது போனதுதான், அதனால் காத்திருப்பதே மேல்.

கனடா எதிர்ப்பக்கமாக எண்ணுகிறது. வெளியே இருந்ததை விட்டுவிட்டு, மனுவுக்கு முந்தைய 5 ஆண்டில் 1,095 நாள் உள்ளே இருந்தீர்களா என்று மட்டும் பார்க்கிறது. கடைசி ஆண்டுக்கென்று தனி வரம்பு கிடையாது. அப்பாவின் காரியம் முடிந்து, அம்மாவுக்குத் துணையாகத் தம்பி நான்கு மாதம் தொடர்ந்து ஊரில் இருந்தான், அவன் மனுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) கிடைப்பதற்கு முன் படிக்கவோ வேலைக்கோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365. ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: 5 ஆண்டில் 730 நாள் என்பது பி.ஆர். தகுதியைக் காப்பாற்றிக்கொள்ள, குடியுரிமைக்கு அது போதாது.

ஆஸ்திரேலியா நடுவில் நிற்கிறது. செல்லுபடியாகும் விசாவில் 4 ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு நிரந்தரவாசி. மொத்தம் 12 மாதத்துக்கு மேலும், மனுவுக்கு முந்தைய ஓராண்டில் 90 நாளுக்கு மேலும் வெளியே இருக்கக் கூடாது. படிப்பு விசாக் காலம் இங்கே முழுசாகச் சேரும் என்பது மாணவராகப் போனவர்களுக்குப் பெரிய லாபம்.

வயதான பெற்றோர் ஊரில் இருந்தால் என் ஓட்டு கனடாவுக்குத்தான். ஏற்கெனவே மற்ற இரண்டில் ஒன்றில் இருக்கிறீர்களா, கடைசி ஓராண்டின் 90 நாளை ஆடிப்பெருக்குக்கும் பொங்கலுக்கும் முழுதாகச் செலவழித்துவிடாமல் பாதியையாவது திடீர்ப் பயணத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். போன வந்த தேதிகளை முதல் பயணத்திலிருந்தே ஒரு நோட்டில் எழுதி, டிக்கெட்டையும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம், அம்மாக்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி: நிலம் என்னாகும்? இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததும் நம்முடையது போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) எடுக்கலாம். ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் புதிதாக நஞ்சை வாங்க முடியாது, ஆனால் அந்தத் தடை வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் உண்டு. அப்பாவிடமிருந்து வாரிசாக வரும் வயலை வைத்துக்கொள்ளலாம். எங்கள் வயலில் இந்த ஆண்டும் சம்பா போட்டிருக்கிறோம்.