சூடேறும் பழைய பிக்கப்: செம்பா அலுமினியமா என்பதற்கு முன், தண்ணீரா கூலன்ட்டா?

ராமநாதபுரம் கடற்கரையில் ஓடும் பழைய பிக்கப் வண்டி சூடேறத் தொடங்கினால், பட்டறையில் எழும் முதல் கேள்வி ‘பழைய செம்பு ரேடியேட்டருக்குக் கோர் (குழாய்களும் மெல்லிய இதழ்களும் கொண்ட நடுப்பகுதி) மாற்றுவதா, புது அலுமினியம் வாங்கிப் போடுவதா’ என்பதுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. ரேடியேட்டருக்குள் வெறும் தண்ணீரை ஊற்றப்போகிறோமா, துருத்தடுப்பு மருந்து சேர்ந்த கூலன்ட்டையா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அதைத் தீர்மானிக்காமல் செம்பு போட்டாலும் அலுமினியம் போட்டாலும் பணம் வீண்தான்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பல ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. குடிக்க ‘நல்ல தண்ணீர்’ தேடிக் குடம் தூக்குகிற நாம், வண்டிக்கு மட்டும் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். என்ஜின் நன்றாக ஆறியிருக்கும் காலை நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைப் படிவு, காவி நிறத் தண்ணீர், பாதி அடைந்துபோன குழாய் வாய்கள். இதே படிவு சிலிண்டரைச் சுற்றிய நீர்ப்பாதையிலும் உட்கார்ந்திருக்கும். அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே ரேடியேட்டரைப் புதிதாக மாற்றிய பிறகும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது.

படிவைவிட மோசமானது அரிப்பு. பல வண்டிகளில் என்ஜினின் உடலான பிளாக் இரும்பு, அதன் மேல்மூடியான ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். இந்த உலோகங்களை இணைத்து நடுவில் உப்புத் தண்ணீரை ஓடவிட்டால் அங்கே ஒரு பேட்டரியே உருவாகிறது. தேய்ந்துபோவது பெரும்பாலும் அலுமினியம். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் உட்காரும் இடத்தில் குழி விழுவது இப்படித்தான்.

சரி, கேன் தண்ணீர் ஊற்றினால் போதாதா? படிவு குறையும், ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை. வழியில் வேறு எதுவும் கிடைக்காதபோது போர்த் தண்ணீரைவிட, துணியில் வடிகட்டிய ஊருணித் தண்ணீர் எவ்வளவோ மேல். மழைநீர் என்பதால் உப்பு குறைவு. ஆனாலும் இவை அவசரத்துக்கு மட்டும்.

கூலன்ட்டின் கணக்கு வேறு. ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி. கூலன்ட் ஜெயிப்பது கொதிநிலையிலும் அரிப்புத் தடுப்பிலும். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 13 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் அதுவே ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் 125-ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும். அதனால் வேறு எதையும் கழற்றுவதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள். இருப்பதிலேயே மலிவான பாகம் அதுதான். உறைபனி இல்லாத நம் ஊரில் பாதிக்குப் பாதி கட்டாயமில்லை, மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே மட்டும் இறங்கக் கூடாது. மீதிக்கு ஆர்ஓ தண்ணீரோ பேட்டரித் தண்ணீரோ ஊற்றுங்கள். ‘நீண்ட ஆயுள்’ என்று விற்கப்படும் சில வகைகள் ஈயப்பற்று வைத்த பழைய செம்பு ரேடியேட்டருக்கு ஒத்துவராது. அதற்குப் பழைய பச்சை வகையை வாங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது.

இப்போது செம்பா, அலுமினியமா? காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது என்றால், நம் காற்றின் குணம் புரியும். மீன் வண்டிக்கு உப்புக் காற்றோடு ஐஸ் உருகி வடியும் உப்பு நீரும் சேர்ந்துகொள்கிறது. செம்பின் இதழ்கள் பச்சைக் களிம்பு பிடித்துக் குழாயிலிருந்து விடுபடும். அலுமினிய இதழ்கள் வெள்ளைப் பொடியாக உதிரும். வெளி அரிப்பில் இரண்டுமே தோற்பவைதாம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவான வேகத்தில் பீய்ச்சிக் கழுவுவதுதான் இரண்டுக்கும் காப்பு.

வேறுபாடு தெரிவது பழுது பார்ப்பதில். செம்பு ரேடியேட்டரின் தொட்டியைப் பிரிக்கலாம், குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம், ஈயம் பற்றவைத்து மறுபடி மூடலாம். அலுமினியத்தின் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் கண்டால் பெரும்பாலும் முழுதாக மாற்ற வேண்டியதுதான். பாம்பனில் ஏற்றிய மீன் ஐஸோடு காத்திருக்கும்போது, பக்கத்து ஊரில் பற்றவைக்க முடிகிற பொருளுக்குத்தான் மதிப்பு. ஆகவே மீன் வண்டிக்கு என் ஓட்டு செம்புக் கோருக்கே. ஆனால் மூன்று வரிசைக் குழாய் இருந்த இடத்தில் இரண்டு வரிசை வைத்துத் தந்துவிடுவார்கள். பழையதைக் கழற்றும்போதே வரிசையை எண்ணி வையுங்கள். பாரம் ஏற்றிக்கொண்டு தினமும் மதுரை வரை போய்வரும், கூலன்ட்டை ஒழுங்காகப் பேணும் வண்டிக்கு அலுமினியம் தாராளமாகப் போதும். எடையும் குறைவு.

அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் எந்த ரேடியேட்டரும் காப்பாற்றாது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் கொண்ட பழைய டாடா ஏஸில், 2523 சிசி பொலிரோ பிக்கப்பின் பாரத்தை எதிர்பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கசிவுக்கு மஞ்சள் தூள் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வீடு வந்து சேர உதவும். அதையே வைத்தியமாக வைத்துக்கொண்டால் மெல்லிய குழாய்களும் சேர்ந்து அடைபடும்.

“அண்ணே, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுங்கள், நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்” என்று சொல்லாத பட்டறை குறைவு. என்ஜின் உரிய சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றுவதை நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். டீசல் என்ஜின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் எரிபொருள் சரியாக எரியாது, சிலிண்டர் தேயும், டீசல் செலவு ஏறும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் விரியும்போது, ரேடியேட்டரைத் தொடாமல் என்ஜினுக்கே திரும்பும் பக்கவழியையும் மூடும். அதைக் கழற்றினால் வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பி, பாரத்தில் வண்டி முன்பைவிட அதிகமாகச் சூடேறும். சந்தேகம் இருந்தால் கழற்றி வெந்நீரில் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை 80 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

மூடியைத் திறந்து வைத்து, ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் ரேடியேட்டர் கழுத்தில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற பசை தெரிந்தாலோ ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்து முகம் சீவுவதா, வேறு ஹெட் போடுவதா? வளைவு மட்டும் என்றால், தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் சீவுவது போதும். வால்வுகளுக்கு நடுவே விரிசல் இருந்தால் வெல்டிங்கை நம்பாமல் வேறு ஹெட் போடுவதே சரி. பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்குவதாக இருந்தால், அழுத்தச் சோதனை செய்து கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.