பழைய தொலைபேசிப் புத்தகங்களுக்கு 18,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன், கொழும்பில் தேடுபவர்கள் கவனம்

கொழும்பில் பழைய தொழில்நுட்பப் புத்தகங்கள் தேடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். பழைய பொருட்களுக்கு யாரும் காசில்லாமல் விளம்பரம் போடக்கூடிய ஒரு தளத்தில், "தொலைபேசிப் பொறியியல் நூல்கள், ஐந்து புத்தகம், நல்ல நிலை" என்று ஒரு விளம்பரம் இப்போதும் கிடக்கிறது. நான் அதற்கு 18,500 ரூபாய் கட்டினேன். வந்தது ஒரு போட்டோக்கொப்பிக் கட்டு. கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்பின்னாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்படியான புத்தகம் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

நான் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். எல்லாப் பிள்ளைகளிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. ஆனால் வீட்டுத் தொலைபேசியின் ரிசீவரைத் தூக்கியதும் கேட்கும் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடும். இப்போது கிடைக்கும் நூல்கள், குரலைச் செக்கனுக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக்கி, செக்கனுக்கு 64,000 பிட்டாக அனுப்புவதிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தியது எதுவும் அவற்றில் இல்லை. ரிசீவரைத் தூக்கியதும் இரண்டு கம்பியும் ஒரு சுற்றாக மூடிக்கொள்ளும், அழைப்புகளை இணைக்கும் நிலையமான எக்ஸ்சேஞ்சில் உள்ள 48 வோல்ட் பற்றரியிலிருந்து மின் ஓடும், அங்கே ஒரு ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், இழுபடும். டயலைச் சுழற்றி விட்டால் அது திரும்பி வரும்போது அந்தச் சுற்றைச் செக்கனுக்குப் பத்துத் தடவை வீதம் வெட்டிவிடும். 3 என்றால் மூன்று வெட்டு, 0 என்றால் பத்து வெட்டு. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் செலக்டர் அந்த வெட்டுக்கு ஏற்பப் படிப்படியாக மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் சுழன்று, பத்துத் தட்டில் பத்துப் பத்தாக உள்ள நூறு முனைகளில் ஒன்றைப் பிடிக்கும். ஆள் இல்லாமல் தானாக இணைக்கும் கருவிக்கு 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஸ்ட்ரோஜர், சவ அடக்கத் தொழில் செய்தவர். இதையெல்லாம் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கண்ணை எடுக்காமல் கேட்பார்கள். டிஜிட்டல் பாடம் அதற்குப் பிறகு அவர்களுக்குப் பாரமாக இருப்பதில்லை, இதை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன்.

அந்தப் படங்கள் வேண்டும் என்றால் பழைய புத்தகங்கள்தான் வேண்டும். இங்கே தொலைபேசி பிரித்தானியர் காலத்தில் தபால் தந்தித் திணைக்களத்தின் கீழ் வளர்ந்தது. அதனால் வேலை பழகியவர்களின் வீட்டு அலுமாரிகளில் ஆங்கிலேயப் புத்தகங்கள் இருக்கும் என்பது என் நம்பிக்கை. குறிப்பாக நான் தேடியது அட்கின்சனின் 'டெலிஃபோனி'. லண்டனில் 1948இலும் 1950இலும் இரண்டு பாகமாக வந்தது. முதல் பாகம் ஒபரேட்டர் கையால் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பற்றியது, இரண்டாம் பாகம் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் பற்றியது. எனக்கு உயிர் இரண்டாம் பாகத்தில்தான்.

டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில், மருதானைப் பக்கமுள்ள பழைய புத்தகக் கடைகளில் நான் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அங்கே பரீட்சைக் கடந்தகால வினாத்தாள், நாவல், சில நேரம் ரேடியோ திருத்தும் புத்தகம் வரும். தொலைபேசி வருவது அரிது. அந்தக் கடைக்காரர்கள் "வந்தா சொல்லுறன் மிஸ்" என்று என் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். புத்தகத்தைக் கையில் தந்து, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க விட்ட பிறகுதான் காசு கேட்பார்கள். இந்தப் புத்தகங்கள் அங்கே வந்து சேர்வதற்கு முன்பே போத்தல், பேப்பர் எடுப்பவர்களிடம் நிறைக்குப் போய்விடுகின்றன. செம்புக் கம்பியெல்லாம் ஃபைபராக மாறிவரும் காலத்தில், இனி இவை எதற்கு என்று வீட்டுக்காரர் நினைக்கிறார்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம். அந்த வருத்தத்தைத்தான் இந்த ஆள் பிடித்துக்கொண்டார்.

விளம்பரத்தில் அட்கின்சன் இரண்டு பாகம், மின்சுற்றுப் படங்கள் மட்டும் மடித்து வைத்துக் கட்டிய ஒரு தொகுப்பு, ஒலி கடத்தல் பற்றி ஒன்று, திணைக்களப் பயிற்சிக் குறிப்பு ஒன்று என்று ஐந்து புத்தகத்தின் படம் இருந்தது. ஒரு படத்தில் ஓரமாகத் தமிழில் பென்சில் குறிப்புக்கூட எழுதியிருந்தது. நான் அழைத்தேன். எடுத்தவர் இளம் வயதுக்காரர், மரியாதையாகக் கதைத்தார்.

"அக்கா, இது எங்கட அப்பாட புத்தகம். அவர் டெலிகொம் டிப்பார்ட்மென்ட்ல இருந்தவர், போன வருஷம் மோசம் போயிட்டார். பேப்பருக்குப் போட மனம் வரேல்ல. விளங்கிற ஆக்களுக்குக் குடுத்தாத்தான் எங்களுக்கு நிம்மதி."

உடனே நம்பிவிடவில்லை. சோதித்தேன். "தம்பி, மின்சுற்றுப் படத்தில் ரிலேக்கு மேலே ஓர் எழுத்து, கீழே ஓர் எண் போட்டிருக்கும், அது என்ன?" என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார்: எழுத்து ரிலேயின் பெயர், எண் அந்த ரிலேக்கு எத்தனை தொடுகைத் தொகுதி என்பது. அது பிரித்தானிய முறை, சரியான பதில். அடுத்து, டயல் வெட்டும்போது அந்த வெட்டுகளை வாங்கும் ஏ ரிலே விட்டு விட்டு இழுக்கிறது, இணைப்பைப் பிடித்து வைக்கும் பி ரிலே மட்டும் ஏன் விடாமல் நிற்கிறது என்று கேட்டேன். "அதுட கோறில செம்பு வளையம் போட்டிருக்கு அக்கா, அதால மெதுவாத்தான் விடும். அது விடுமுன்ன திரும்பக் கரண்ட் வந்திடும்" என்றார். அதுவும் சரி! கொழும்பில் எத்தனை பேருக்கு இது தெரியும்? என் வகுப்பில் ஒரு பாடவேளை எடுத்து விளக்குகிற விஷயத்தை ஒரு பையன் போனில் இரண்டு வசனத்தில் சொல்கிறார். அப்பாவின் பக்கத்தில் இருந்து பழகியிருக்கிறார் என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் கதைத்தோம். அவருடைய அப்பாவுக்காக வருத்தம்கூடத் தெரிவித்தேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

22,000 கேட்டார், 18,500க்கு இறங்கினார். வந்து பார்த்து எடுக்கிறேன் என்றேன். வீடு பூட்டு, தான் நீர்கொழும்பில் வேலையில் நிற்கிறேன், புத்தகம் கொழும்பில் மச்சானிடம் இருக்கிறது, மச்சான் கூரியரில் போடுவார் என்றார். பொருள் கையில் கிடைத்ததும் காசு தரும் முறையில் அனுப்பச் சொன்னேன். கூரியர்காரர் அந்தக் காசைத் தருவதற்கு நாளாகும், அப்பாவின் ஆண்டுத் திவசம் வருகிறது, காசு தேவை என்றார். இன்னொரு சேர் கொள்ளுப்பிட்டியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், உங்களுக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். வங்கி அப் மூலம் 18,500 ரூபாயை அனுப்பினேன். "கிடைச்சிட்டுது அக்கா, நன்றி. அப்பா சந்தோசப்படுவார்" என்று செய்தி வந்தது.

பொதி வந்தது. கையில் வாங்கும்போதே இலேசாக இருந்தது. கூரியர் ஸ்டிக்கரில் நிறை ஒன்றரைக் கிலோகூட இல்லை. தடித்த அட்டை போட்ட ஐந்து தொழில்நுட்ப நூல்கள் அந்த நிறைக்குள் வரவே வராது. உள்ளே அட்கின்சன் முதல் பாகத்தில் சில அத்தியாயங்களின் போட்டோக்கொப்பி, அதிலும் பல பக்கங்களின் ஓரம் வெட்டுப்பட்டு எழுத்தே இல்லை. கைத்தொலைபேசித் திரை மாற்றுவது பற்றிய மெல்லிய கையேடு ஒன்று. பழைய ஆங்கில சஞ்சிகை இரண்டு. இரண்டாம் பாகத்திலிருந்து வந்தது ஒரே ஒரு தாள். அந்தத் தாளில் என்ன இருந்தது தெரியுமா? ஏ ரிலே, பி ரிலே, செம்பு வளையம். நான் போனில் கேட்டதற்குப் பதில் அச்சடித்த அந்தப் பக்கம்தான். அப்பாவிடம் பழகியதும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்தப் புத்தகத்தைத் தேடுகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதற்கு ஒரு தாளை வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். காசு போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. தெரியாதவன் ஏமாற்றினால் ஒரு மாதிரி. இந்தப் புத்தகம் ஒருவருக்கு எவ்வளவு பெறுமதி என்று தெரிந்தே இதைச் செய்திருக்கிறார்.

பிறகு சாட்டுகள் தொடங்கின. முதலில் "ஐயோ அக்கா, மச்சான் பொதியை மாத்திப் போட்டிருக்கிறான்". அடுத்து, மச்சானின் போன் வேலை செய்யவில்லை. அதற்கடுத்து அம்மா ஆஸ்பத்திரியில். "வெள்ளிக்கிழமை கட்டாயம் காசைப் போடுறன்" என்றார். வெள்ளி போனது. "நீங்க படிச்ச ஆள், கொஞ்சம் பொறுமையா இருங்கோ" என்று எனக்கே புத்தி சொன்னார். காசு வேண்டாம், இரண்டாம் பாகத்தை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டும் பார்த்தேன். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் அவருடைய படம் காணாமல் போனது, செய்திக்கு ஒற்றைச் சரியோடு நிற்கிறது. வேறு நம்பரிலிருந்து எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்.

தளத்துக்கு எழுதினேன். ஆள் எழுதாத பதில் ஒன்று வந்தது: விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்குத் தாங்கள் பொறுப்பில்லை. அந்த விளம்பரத்தையாவது எடுங்கள் என்று திரும்ப எழுதினேன், அதே பதில் திரும்ப வந்தது. விளம்பரத்தை முன்னுக்குக் கொண்டுவர விற்பவரிடம் காசு வாங்கும் தளம், வாங்குகிறவர் அழுதால் மட்டும் பொறுப்பில்லை என்பது என்ன நியாயம்? வங்கியில் கேட்டேன். நீங்களாகவே அனுப்பிய பணம், பெற்றவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்றார்கள். கூரியர் நிறுவனத்திடம் அனுப்பியவரின் விலாசம் கேட்டால், ஸ்டிக்கரில் இருப்பதுதான் இருக்கிறது என்றார்கள். ஸ்டிக்கரில் இருப்பது வெறும் தெருப் பெயர், இலக்கம் இல்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதினேன். எழுதிக்கொண்டவர் மரியாதையாகத்தான் நடந்தார், ஆனால் "பழைய புத்தகத்துக்கா 18,500 ரூபா?" என்று கேட்டார். ஆம், பழைய புத்தகத்துக்குத்தான். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அந்தப் படம் வேறு எங்கே இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

18,500 ரூபாய் ஒரு வகுப்பு ஆசிரியைக்குச் சின்னத் தொகை இல்லை. பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சிறிய எக்ஸ்சேஞ்ச் மாதிரி செய்ய அதில் ஒரு பங்கை எடுத்து வைத்திருந்தேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ரிலேகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

சரி, எழுதுகிறேன் என்று சொன்னவை. கோபத்தில் எல்லாம் ஞாபகம் வருகிறதில்லை, வருவதை எழுதுகிறேன்.

விற்பவருக்கு விஷயம் தெரியும் என்பதை வைத்து அவரிடம் புத்தகம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லும் பக்கத்தைத் திறந்து, அதன்மேல் உங்கள் பெயரும் அன்றைய திகதியும் எழுதிய துண்டை வைத்துப் படம் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு புத்தகத்தின் நிறையும் பக்க எண்ணிக்கையும் கேளுங்கள். இரண்டு பாக நூல் என்றால் இரண்டின் கடைசிப் பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

திவசம், ஆஸ்பத்திரி, இன்னொரு சேர் கேட்கிறார் என்று யாராவது அவசரப்படுத்தினால் காசு போடாதீர்கள். நேரில் பார்க்க முடியாதென்றால் கூரியர்காரர் முன்னால் பிரித்துப் பார்த்துக் காசு கொடுங்கள், அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

விற்பவர் கடைக்காரராகவோ வியாபாரியாகவோ இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கூரியர் உறை, ஸ்டிக்கர், வங்கி ரசீது, செய்திகளின் படம் எதையும் எறிய வேண்டாம்.

இதே விளம்பரத்தில் காசு விட்டவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் பணம் போட்ட வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒரே கணக்கு என்றால் முறைப்பாடுகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். இந்தக் கிழமையே அனுப்புங்கள்.