டிக்கெட் சாரதியின் பெயரில், பிடித்த காசு கொம்பனியின் பையில்

ஏப்ரல் மாதம் பென்சில்வேனியாவில் 81ஆம் இலக்க நெடுஞ்சாலையில் என்னைச் சோதனைக்கு மறித்த அதிகாரி, லைசென்ஸ் கேட்பதற்கு முன்பே லொறியின் கதவில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அங்கே ஒட்டியிருந்த எரிபொருள் வரி ஸ்டிக்கர் முந்தைய ஆண்டினுடையது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஓடினேன். அந்த முட்டாள்தனத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் குறை சொல்ல வேண்டும்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஸ்காபரோவில் இருந்து அமெரிக்காவுக்குப் பாரலொறி ஓட்டுகிறேன். நான் ஏமாந்த கொம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கு முடியும்வரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நடந்ததை எழுதலாம். நம்மவர்கள் பலர் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறார்கள். அவர்களில் நாலு பேராவது கையெழுத்து வைப்பதற்கு முன் இதை வாசிக்கட்டும்.

ஜனவரியிலேயே ஸ்டிக்கரைப் பற்றி அலுவலகத்தில் கேட்டேன். "பெப்ரவரி முடியும்வரை பழையது செல்லும் அண்ணா, பயப்படாமல் ஓடுங்கள்" என்றார் ஓட்டங்களைப் பிரித்துத் தரும் டிஸ்பாட்சர். அது பொய் அல்ல. எரிபொருள் வரி உரிமத்தைப் புதுப்பித்த கொம்பனிகளுக்கு ஆண்டின் முதல் இரண்டு மாதங்களும் அப்படி ஒரு சலுகை உண்டு. மார்ச்சில் கேட்டபோது "தபாலில் வருகிறது" என்றார். அது பொய். அதிகாரி தன் கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: கொம்பனியின் இஃப்டா உரிமமே, அதாவது அந்த எரிபொருள் வரி உரிமமே, ரத்தாகிவிட்டதாம். இல்லாத உரிமத்துக்கு எந்தத் தபாலில் ஸ்டிக்கர் வரும்?

உரிமம் கொம்பனியின் பெயரில் இருக்கிறது, டிக்கெட்டை அவர்களுக்கு எழுதுங்கள் என்று வாதாடினேன். அவர் கோபப்படவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது நீங்கள், கதவு உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, உரிமத்தின் பிரதி, லொறியின் அனுமதிக் காகிதங்கள் வைக்கும் பெர்மிட் புத்தகத்தில் இருக்க வேண்டும், புறப்படுமுன் புத்தகத்தைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. விளக்குகளையும் டயர்களையும் பிரேக்கையும் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற நான், அந்தப் புத்தகத்தை ஆறு மாதமாகத் திறக்கவே இல்லை. டிக்கெட் என் பெயரில் எழுதப்பட்டது. தற்காலிகப் பெர்மிட் ஒன்றை என் கடனட்டையில் வாங்கிய பிறகுதான் லொறியை நகர்த்த விட்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள இஃப்டா, அதாவது சர்வதேச எரிபொருள் வரி ஒப்பந்தம், என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். டீசலை எங்கே வாங்குகிறோம் என்பது கணக்கல்ல, எங்கே எரிக்கிறோம் என்பதே கணக்கு. நியூ ஜேர்சியில் தாங்கியை நிரப்பிக்கொண்டு பென்சில்வேனியா முழுவதையும் கடந்தால், பென்சில்வேனியாவுக்கு வரி கட்ட வேண்டும். டீசல் வரி மிக அதிகமான அமெரிக்க மாநிலங்களில் அதுவும் ஒன்று. அலாஸ்கா, ஹவாய் தவிர்ந்த 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் இந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. 26,000 இறாத்தலுக்கு மேற்பட்ட லொறியோ, மூன்று அச்சு உள்ள லொறியோ எல்லை கடந்தால் இது வேண்டும். காலாண்டுக்கு ஒரு தடவை ஓடிய தூரத்தையும் வாங்கிய டீசலையும் காட்டிக் கணக்குக் கொடுத்தால், யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பது ஓரிடத்திலேயே தீர்ந்துவிடும். கணக்குக் கொடுக்காமல் விட்டால் முதலில் தண்டம், பிறகு உரிமம் போகும்.

எங்கள் கொம்பனி அப்படித்தான் விட்டிருக்கிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரும் என் கணக்குத் தாளில் "எரிபொருள் வரி" என்று 140 டொலர் ஒழுங்காக வெட்டப்பட்டது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்த விடயத்தில் அவர்கள் நேர்மையானவர்கள்.

நான் சம்பளத்துக்கு வேலை செய்பவன் அல்ல, "சொந்தத் தொழில்" செய்பவன் என்று அவர்கள்தான் சொல்லித் தந்தார்கள். சேர்ந்த அன்றே என் பெயரில் ஒரு கொம்பனி திறக்கச் சொன்னார்கள். லொறியையும் தவணைக்கு அவர்களே தந்தார்கள். உண்மையில் ஊழியராக இருக்கும் ஒருவரை இப்படி வேறு பெயரில் வைத்திருப்பதைக் கனடாத் தொழிற்சட்டம் 2021 முதல் தடை செய்கிறது என்பதை மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். ஒப்பந்தத்தில் எரிபொருள் வரியை யார் கட்டுவது என்று ஒரு வரிகூட இல்லை. சொந்தத் தொழில் செய்யும் சாரதியின் லொறியை ஒரு கொம்பனி 30 நாட்களோ அதற்கு மேலோ வாடகைக்கு எடுத்து ஓட்டும்போது அப்படி எழுதாமல் விட்டால், பொறுப்பு எடுத்து ஓட்டும் அந்தக் கொம்பனியைச் சேரும் என்பது இஃப்டா விதி. இதைச் சொன்னவர் பிறகு நான் போய்ச் சந்தித்த, சிறு வழக்குகளைப் பார்க்கும் பாராலீகல். கையெழுத்து வைத்த அன்று அவர்கள் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இது பாதிக் கதைதான்.

அதற்கு முந்தைய செப்டெம்பரில் நியூயோர்க் மாநிலத்தில் வேகத்துக்காக ஒரு டிக்கெட் வாங்கியிருந்தேன். 55 மைல் பகுதியில் 66. பிழை என்னுடையது, அதில் பேச்சில்லை. அலுவலகத்துக்கு வந்ததும் முகாமையாளர் கையை நீட்டினார். "டிக்கெட்டைத் தாருங்கள் தம்பி, எங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் ஓட்டத்தைப் பாருங்கள்." நிம்மதியாகக் கொடுத்துவிட்டேன். பிரதி எடுக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. அடுத்த கணக்குத் தாளில் 350 டொலர் வெட்டியிருந்தார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

ஜூன் மாதம், ஸிரக்கியூஸுக்கு வடக்கே என்னை மறித்த பொலிஸ்காரர் லொறியை விட்டு இறங்கச் சொன்னார். நியூயோர்க்கில் வாகனம் ஓட்டும் உரிமை எனக்கு நிறுத்தப்பட்டிருக்கிறதாம். செப்டெம்பர் டிக்கெட்டுக்கு யாரும் பதில் அனுப்பவே இல்லை. வக்கீலும் இல்லை, கட்டணமும் இல்லை. நீதிமன்றத்தின் கடிதங்கள் நான் விட்டுவந்த பழைய முகவரிக்குப் போயிருக்கின்றன. அது என் கவலையீனம். நிறுத்தப்பட்டது தெரிந்துகொண்டு அங்கே ஓட்டினால் அது தண்டத்தோடு போகிற விடயம் அல்ல, குற்றவியல் வழக்கு. எனக்குத் தெரியாது என்பதை அவர்களை நம்பவைக்க வேண்டியிருந்தது. கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் எதைக் காட்டுவது? கொம்பனி இன்னொரு சாரதியை அனுப்பி லொறியை எடுத்துக்கொண்டது. சாமான் முக்கியம். நான் பஸ்ஸில் வீடு வந்தேன், ஒரு கையில் போர்வை, மறு கையில் சோறு காய்ச்சும் குட்டிப் பானை.

நியூயோர்க், மிச்சிகன் ஆகிய இரண்டு மாநிலங்களோடும் ஒன்ராறியோவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே தீர்ப்பானால் தண்டப் புள்ளி இங்கே சாரதிப் பதிவில் ஏறும். "எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது இந்தப் பக்கம் தெரியாது" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லும் அண்ணர்களை நம்பாதீர்கள். நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.

அலுவலகத்தில் போய்க் கேட்டபோது முகாமையாளர் முதலில் வக்கீலைக் குறை சொன்னார். வக்கீலின் பெயரைக் கேட்டேன், வெளிநாடு போய்விட்டாராம். 350 டொலரைத் திருப்பிக் கேட்டேன், அது "நிர்வாகச் செலவு" ஆகியிருந்தது. சாரதிக்குத் தண்டனை விழுந்தால் 30 நாட்களுக்குள் முதலாளிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்க விதி இருக்கிறது. முதலாளி சாரதிக்கு எதையாவது அறிவிக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது.

நியூயோர்க்கில் உண்மையான ஒரு வக்கீலைப் பிடித்து, நிறுத்தத்தை நீக்கி, பழைய டிக்கெட்டுக்கும் பதில் சொல்லி முடிக்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் லொறித் தவணை மட்டும் நிற்கவில்லை.

இப்போது வேறொரு இடத்தில் ஓடுகிறேன். டிக்கெட் கிடைத்தால் மூலப் பிரதியை யாருக்கும் கொடுப்பதில்லை. நீதிமன்றத்துக்கு நானே தொலைபேசி எடுத்து, வழக்கு இலக்கம் கேட்டு, கட்டிய பற்றுச்சீட்டை வீட்டில் வைக்கிறேன். கொம்பனி கட்டுவதாகச் சொன்னால் நல்லது, கட்டட்டும். கட்டியதை நான் விசாரித்துத்தான் நம்புவேன். என் ஒன்ராறியோச் சாரதிப் பதிவையும் காசு கொடுத்து அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

பெர்மிட் புத்தகமும் இப்போது தினமும் திறக்கிறது. இஃப்டா ஒன்று இருந்தால் போதும் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. நியூயோர்க்கில் 18,000 இறாத்தலுக்கு மேற்பட்ட லொறிக்குத் தனியான நெடுஞ்சாலை வரி, கென்டக்கியில் 60,000 இறாத்தலில் இருந்து எடைக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரு வரி, ஒரிகனிலும் நியூ மெக்ஸிகோவிலும் அவரவர்க்கு ஒன்று. புதிய பாதையில் அனுப்பும்போது அந்த மாநிலத்தின் காகிதம் எங்கே என்று கேட்கிறேன். டிஸ்பாட்சருக்கு என்னைப் பிடிக்காது.

காசு இன்னும் வரவில்லை. சிறு உரிமைக் கோரல் நீதிமன்றத்தில் மனு இருக்கிறது. வெட்டிய தொகைகளுக்குச் சாட்சி அவர்கள் அனுப்பிய கணக்குத் தாள்களே. என் மனைவி அவற்றை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தாள். என் புத்தியால் அல்ல, அவள் எதையும் எறியமாட்டாள் என்பதால் தப்பின.

சென்ற வாரம் தமிழ்க் கடையொன்றின் வாசலில் சாரதிகள் தேவை என்ற துண்டறிக்கை பார்த்தேன். கொம்பனிப் பெயர் புதிது, தொலைபேசி இலக்கம் பழையது. அங்கே போகிற தம்பிமாருக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: "நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம்" என்று சொல்லித் தேநீர் தருவார்கள். தேநீர் நன்றாகவே இருக்கும். குடித்துக்கொண்டே பெர்மிட் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.