மூக்குச் சத்திரசிகிச்சை: திறந்த முறையா, மூடிய முறையா?

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு ஒரேயொரு வெட்டுத்தான். மூடிய முறையில் வெட்டெல்லாம் மூக்குத் துவாரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். திறந்த முறையில் இரு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள தோலிலும் சில மில்லிமீற்றர் வெட்டி, மூக்குத் தோலை மேலே உயர்த்துவார்கள்.

மூக்குத் தண்டில் சிறு மேடு மட்டும் என்றால் மூடிய முறை போதும். வெளியே தழும்பில்லை, வீக்கமும் கெதியில் வற்றும்.

நுனியை மாற்றுவது, கோணலை நிமிர்த்துவது, செல்துண்டு பட்டோ விபத்திலோ உடைந்த மூக்கு, இரண்டாந்தடவைச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் திறந்த முறையே மேல். மூக்குக்கு வடிவம் தரும் மெல்லெலும்பான கசியிழையத்தை நேரே பார்த்து, அளந்து தைக்கலாம். மூக்கின் வேறு பகுதியில் ஒட்டுவதற்காக, துவாரங்களைப் பிரிக்கும் நடுச்சுவரில் கசியிழையம் எடுத்தால் மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் குறைந்தது 1 சென்ரிமீற்றர் விடவேண்டும்; குறைந்தால் தண்டு சேணம்போல் இறங்கும். நுனி வீக்கம் முழுதாக வற்ற ஒரு வருடம், தடித்த தோலுக்கு அதைவிடக் கூட.

தழும்பைவிடப் பயப்படவேண்டியது புகையிலைக்கு. நிக்கொட்டின் இரத்தக்குழாயைச் சுருக்க, உயர்த்திய தோல் கறுத்து இறந்துபோகலாம். சுருட்டு மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையும் கணக்கில் சேரும். சில கிழமைக்கு முன்பே நிறுத்துங்கள்.

எந்த முறையானாலும் மூக்குக் கவசம் சுமார் ஒரு கிழமை இருக்கும். வன்னியிலிருந்து யாழ்ப்பாணமோ கொழும்போ போய்ச் செய்பவர்கள் அதுவரை அங்கேயே தங்குவது நல்லது. நடுச்சுவரில் இரத்தம் கட்டி, மூக்கு அடைத்து வலி கூடினால் அன்றே வடிக்கவேண்டும். முழுமுக ஹெல்மெட்டும் தண்டில் அழுத்தும் கண்ணாடியும் 4 முதல் 6 கிழமைக்கு வேண்டாம். மோட்டார் சைக்கிளை நம்பித் திரிபவருக்கு இதுதான் பெரிய கரைச்சல்.