உறுதி எங்களிடம், ஆட்சி அவர்களிடம்: சுன்னாகத்தில் ஒரு காணி அலுவல்

காணி அலுவலாக யாழ்ப்பாணம் போகிறவர்கள் சட்டத்தரணியைத் தேடுவதற்கு முன்னர் காணிப் பதிவகத்தில் தோம்பை, அதாவது காணிப் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். எங்கள் கதை அங்கேதான் திரும்பியது.

அம்மாவின் சீதனக் காணி. சுன்னாகத்தில் நாலு பரப்பு (கால் ஏக்கர்), பழைய கல்வீடு, நல்ல தண்ணீர்க் கிணறு. 1968இல் நொத்தாரிசு எழுதிப் பதிந்த சீதன உறுதி (காணி உரிமை ஆவணம்) ரொறொன்ரோவில் என் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அம்மா 2009இல் கனடாவில் காலமானார். அவருக்குப் பிறகு பிள்ளைகள் மூவருக்கும் சேரவேண்டிய காணி அது: தங்கச்சி லண்டனில், தம்பி பிரான்ஸில். வீட்டில் 1996இலிருந்து சின்னம்மாவின் குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய சொந்தக் காணி பலாலிப் பக்கம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அதற்கும் பதிந்த உறுதி உண்டு. வேலிக்குக் கிட்டப் போகத்தான் வழியில்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர்களை வெறும் காணி பிடிக்கிறவர்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

உறுதியில் பதிவுத் தொகுதி, பக்க இலக்கங்கள் இருந்ததால் பதிவகத்தில் அலுவல் சுலபம். படிவம் கொடுத்து, கட்டணம் கட்டி, மத்தியானத்துக்குள் புத்தகத்தைப் பார்த்துவிட்டேன். இலக்கம் இல்லாதவர்கள் காணியின் பெயரையும் குறிச்சியையும் வைத்துத் தேட வேண்டும், அது பெரிய பாடு. பேரனின் (தாத்தாவின்) முதுச உறுதி, அதாவது பரம்பரைச் சொத்துக்கான உறுதி இருந்தது, அதன் கீழே அம்மாவின் சீதனம். அதற்கும் கீழே 2014இல் பதிந்த ஒரு பிரகடன உறுதி. பத்து வருடத்துக்கு மேலாக எவருடைய இடையூறும் இல்லாமல் இந்தக் காணியை ஆண்டு வருகிறேன், ஆகவே இது என்னுடையது என்று சின்னம்மாவின் மருமகன் எழுதுவித்திருந்தார்.

ஒரே காணிக்கு இரண்டு பேர் எப்படிப் பதியலாம் என்று கவுண்டரில் கேட்டேன். பதியலாமாம். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி அங்கே பதியப்படுவது ஆவணம். உரித்து உண்மையா என்று பதிவாளர் விசாரிப்பதில்லை. ஒன்றோடொன்று முரண்படும் உறுதிகளில் எதற்கு முன்னுரிமை என்ற கேள்விக்குத்தான் பதிவு உதவும். அரசே உரித்தை விசாரித்துச் சான்றிதழ் கொடுக்கும் பிம்சவிய முறைக்கு 1998இல் தனிச் சட்டம் வந்தது, ஆனால் எங்கள் காணி அதற்குள் வரவில்லை. ‘பதிந்த உறுதி இருக்குத்தானே’ என்று வெளிநாட்டில் நாங்கள் நிம்மதியாக இருப்பதெல்லாம் பாதி நிம்மதிதான்.

அப்புறம் சட்டத்தரணி. மல்லாகம் நீதிமன்றத்தில் காணி வழக்குப் பேசுகிறவர், பொறுமையாக விளக்கினார். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, உரிமையாளருக்கு எதிராக, இடையறாமல் பத்து வருடம் ஆண்டால் காணி ஆண்டவருக்குப் போகலாம். ஆனால் எதிராக ஆண்டிருக்க வேண்டும். ‘இருங்கோ’ என்று உடையவரே விட்டால் எத்தனை வருடம் போனாலும் அது அனுமதியில் இருப்பதுதான். வெளிப்படையான செய்கையால் அந்த நிலையை மாற்றினால்தான் பத்து வருடத்தை எண்ணத் தொடங்குவார்கள்.

“அவை 2014ஆம் ஆண்டு உறுதியைக் காட்டி அங்கையிருந்து எண்ணச் சொல்லுவினம்,” என்றார். நொத்தாரிசின் அறைக்குள் எழுதின உறுதி எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பது எங்கள் பக்க வாதம். இன்னொன்றும் இருக்கிறது: உரிமை பாதிக்கப்பட்ட நேரத்தில் உரிமையாளர் கடல் கடந்து இருந்தால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு ஓரளவு பாதுகாப்புக் கொடுக்கிறது, முப்பது வருடம் என்ற மேல் எல்லையோடு. போரால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டமும் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு அது வழி செய்தது. அப்படி ஒரு சட்டம் வந்ததே இங்கே ஸ்காபரோவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டத்தரணியின் கடிதம் போவதற்கு முதல் வீட்டுக்குப் போய்ப் பேசுவோம் என்று நினைத்தேன். தேத்தண்ணி வந்தது, கதையும் நல்லாய்த்தான் போனது. பிரகடன உறுதியைப் பற்றி வாய் திறந்ததும் சின்னம்மாவின் மகள் வெடித்துவிட்டாள்.

“நாங்கள் என்ன களவாவே அண்ணை இருக்கிறம்? பெரியம்மாதானே இருக்கச் சொன்னவ!”

மருமகன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன அந்த வார்த்தையைவிட அவருடைய உறுதிக்குப் பெரிய மறுப்பு வேறு இல்லை. சட்டத்தரணியிடம் சொன்னேன். “அதைத்தான் எழுத்தில வாங்குங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்,” என்றார்.

மற்ற அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறப்பு, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள் பிரதேச செயலகத்தில் தாமதமில்லாமல் கிடைத்தன. கிராம அலுவலர் நல்ல மனுசன். மின்சாரப் பட்டியல் அவர்கள் பெயரில் இருப்பதையும், சோலைவரி (வீட்டு வரி) இன்னும் அம்மாவின் பெயரிலேயே வருவதையும் அவர்தான் காட்டினார். நில அளவையாளர்தான் ஆகப் பெரிய செலவு, சொன்ன நாளுக்கு வரவும் இல்லை. பொலிசுக்குப் போகலாம் என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். சமாதானம் குலையும் நிலை இருந்தால் பொலிசார் தொடக்க நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம்தான். ஆனால் அங்கே முக்கியமாகப் பார்ப்பது கடந்த இரண்டு மாதத்துக்குள் யாராவது வெளியேற்றப்பட்டார்களா என்பதை. அவர்கள் அங்கே இருப்பதோ இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக.

இப்போதைய நிலை இதுதான். அனுமதியில் இருக்கிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்து, பிரகடன உறுதியையும் இரத்துச் செய்தால், வீட்டோடு ஒரு பரப்பை நன்கொடையாக எழுதலாம் என்பது என் யோசனை. தங்கச்சிக்குச் சம்மதம். தம்பிக்கு இல்லை, வழக்கைப் போட்டு எழுப்பு என்கிறான். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் அம்மாவின் சொத்தை எங்கள் பெயருக்கு மாற்றும் மரணசாதன வழக்கும் நகரும், எங்களுக்காக அலுவல் பார்க்க மச்சானுக்கு அற்றோணித் தத்துவமும் கொடுக்கலாம். அதற்கிடையில் இந்தக் காணியில் வேறு எந்த உறுதி பதிய வந்தாலும் எங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று பதிவகத்தில் கேவியற் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அது காலாவதியாக முதல் புதுப்பிக்க வேண்டும், தம்பியோடும் இன்னொருக்கால் பேச வேண்டும்.