குழாய்க்கு 100, மொத்தத்தில் 199: ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட்டுடன் 4 வருடம்

என் காருக்கு ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட், அதாவது கனத்த உறுமல் தரும் புகைக்குழாய் செட், மாட்டி 4 வருடம், 58,000 கி.மீ. ஆகிவிட்டது. 1.6 லிட்டர் பெட்ரோல், 4 சிலிண்டர், டர்போ இல்லை, மேனுவல் கியர். மாட்டுவதற்கு முன்னால் பலரிடம் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். எல்லாரும் குழாயின் விலையை மட்டும் சொன்னார்கள். நானும் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய், முதல் மாதமே திணறினேன். இன்னொருவருக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் பழைய ரசீதுகளை எல்லாம் எடுத்துவைத்து எழுதுகிறேன். விலை இடத்துக்கு இடம் மாறும். அதனால் எக்ஸாஸ்ட் செட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்ற செலவுகளை அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

நான் போட்டது கேட்-பேக் செட். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற குழாய், ரெசனேட்டர் (சத்தத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் சின்ன அறை), சைலன்சர் மட்டும் மாறும். கன்வெர்ட்டரையும் கழற்றிவிடச் சொன்னவர்கள் உண்டு. அதற்குள் இருக்கும் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும்தான் நச்சுப் புகையைச் சுத்தப்படுத்துகின்றன. அதை எடுத்துவிட்டு அடுத்தவர் மூக்கில் புகையை விட எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலான நாடுகளில் சட்டமும் அனுமதிக்காது. பின்பக்க ஆக்சிஜன் சென்சாரும் சும்மா இருக்காது, இன்ஜின் லைட்டை எரியவிட்டுவிடும்.

மாட்டும் கூலி 18. கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு), கிளாம்ப், குழாயைத் தொங்கவிடும் புது ரப்பர் ஹேங்கர், போல்ட் எல்லாம் சேர்த்து 7. இது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அடுத்து வந்தது. வண்டியை லிப்டில் தூக்கியதும் மெக்கானிக் அண்ணன் கீழேயிருந்து கூப்பிட்டார். "சார், இங்க வந்து பாருங்க. போல்ட்டும் நட்டும் ஒட்டி ஒரே இரும்பாயிடுச்சு." ஏழு வருட வண்டி. துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவைத்து, சூடு காட்டி, கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார். அந்த இழுபறியில் பின்பக்க சென்சாரின் மரை கெட்டுப்போனது. புது சென்சாருக்கு 9. அவர் மேல் தவறே இல்லை, சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த மரை அப்படித்தான் இருக்கும். உங்கள் வண்டி 5 வயதைத் தாண்டியிருந்தால் இந்தச் செலவை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்து வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது.

முதல் இரண்டு வாரம் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் அந்தக் கனத்த உறுமலுக்காகவே சாவியைத் திருப்பிவிட்டு ஒரு நிமிடம் நிற்பேன். அப்புறம் ஒரு நெடும்பயணம் போனோம். பின்சீட்டில் அம்மா. ஒரு மணி நேரத்தில், "என்னப்பா, காதுக்குள்ள வண்டு புகுந்த மாதிரி இருக்கு" என்றார். ஐந்தாவது கியரில் 2,400 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று) போகும்போது வண்டிக்குள் கும்மென்று ஒரு இரைச்சல். இதைத்தான் டிரோன் என்கிறார்கள். வெளியே நிற்பவருக்குத் தெரியாது, உள்ளே இருப்பவருக்கு மண்டை கனக்கும். வாங்குவதற்கு முன் நான் கேட்ட ஒலிப்பதிவுகள் எல்லாம் வெளியே நின்று எடுத்தவை. ஒன்றில்கூட இது இல்லை.

தீர்வுக்காக இரண்டு மாதம் அலைந்தேன். இந்தப் பகுதியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சம் ஆகியிருக்கும், அதனால் விவரமாகவே சொல்கிறேன். 4 சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 2,400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு. ஆக, இரைச்சல் 80 ஹெர்ட்ஸ். மெயின் குழாயிலிருந்து ஒரு கிளைக்குழாய் எடுத்து அதன் மறுமுனையை அடைத்துவிட்டால், உள்ளே போன ஒலி முனையில் மோதித் திரும்பி வரும். அந்தக் கிளையின் நீளம் ஒலி அலையின் நீளத்தில் கால் பங்காக இருந்தால், திரும்பி வரும் அலை எதிர்வாக்கில் வந்து அந்த ஒரு இரைச்சலை மட்டும் அமுக்கிவிடும். கிளைக்குள் வாயு ஓட்டம் இல்லாததால் சூடு குறைவு. சூடு குறைந்தால் ஒலியின் வேகமும் குறையும், அதனால் அதை நொடிக்கு 400 மீட்டர் என்று வைத்தோம். அலை 5 மீட்டர், கால் பங்கு 1.25 மீட்டர். வெல்டர் 1.35 மீட்டரில் தொடங்கினார். ஓட்டிப் பார்ப்பது, கொஞ்சம் வெட்டுவது, மறுபடி ஓட்டிப் பார்ப்பது. 1.22 மீட்டரில் இரைச்சல் சட்டென்று நின்றது பாருங்கள், ஜன்னலைச் சாத்தியது போல! உறுமல் அப்படியே இருக்கிறது, கும்மென்ற சத்தம் மட்டும் போய்விட்டது. குழாய், வெல்டிங், இரண்டு முறை இறக்கி ஏற்றியது எல்லாம் சேர்த்து 22. இந்த 4 வருடத்தில் நான் மிகவும் திருப்தியோடு கொடுத்த பணம் இதுதான்.

கிளை சேர்த்த பிறகு, செட்டில் முன்பே இருந்த ஒலி அளவு ஒப்புதல் குறி போதாது என்றார்கள். மறுபடி ஒலி அளந்து சான்று வாங்க 8 ஆனது. குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைத்து அளக்கிறார்கள். தேறியது. இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்தேன், 4 வருடப் பிரீமியத்தில் கூடியது 16. சொல்லாமல் விடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து விடாதீர்கள். ஒரு விபத்து நடந்து கிளெய்ம் நின்றுபோனால், எக்ஸாஸ்ட்டின் விலை என்ன, வண்டியின் விலையே போய்விடும்.

ஒரு ஹேங்கர் கம்பியின் வெல்டிங் விட்டுப்போய் மறுபடி வைத்ததற்கு 4.

41,000 கி.மீ. வாக்கில் சத்தம் மெல்ல மெல்லக் கரகரப்பாக மாறியது. இது நேர்க்குழாய் சைலன்சர். நடுவே துளையிட்ட குழாய், அதைச் சுற்றி கண்ணாடி இழைப் பஞ்சு. சூட்டிலும் அதிர்விலும் பஞ்சு பொடிந்து துளை வழியாகவே வெளியேறிவிடும். மூடியை அறுத்துத் திறந்தபோது உள்ளே கால்வாசிகூட மிச்சமில்லை, அதுவும் சாம்பல் நிறத்தில் கட்டிதட்டிக் கிடந்தது. இந்த முறை முதலில் ஸ்டீல் கம்பளியைச் சுற்றி அதன்மேல் பஞ்சை இறுக்கி அடைத்தார்கள். செலவு 15. போல்ட் போட்ட மூடி இருக்கிற சைலன்சராகப் பார்த்து வாங்கியிருந்தால் அறுப்பதும் வெல்டிங்கும் இல்லாமல் பாதியில் முடிந்திருக்கும்.

எல்லாவற்றையும் கூட்டினால் 199.

பவர் பற்றிக் கேட்பீர்கள். நண்பரின் பட்டறையில் டைனோவில் (பவரை அளக்கும் மேடை) ஏற்றிப் பார்த்தோம். 3 குதிரைத்திறன் கூடியிருந்தது, அதுவும் 5,000 ஆர்பிஎம்முக்கு மேல். ஊருக்குள் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது, மைலேஜிலும் மாற்றமில்லை. டர்போ இல்லாத சின்ன இன்ஜினில் கேட்-பேக் மட்டும் மாற்றி இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கம்பெனிக் குழாயின் விட்டம் 45 மி.மீ., நான் போட்டது 51. ஒருவர் 63 போடச் சொன்னார். கேட்டிருந்தால் வாயுவின் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

உலோகத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். பக்கத்துக் கடைக்குப் போய்வரும் சின்ன ஓட்டங்களில் குழாய் சூடேறாமல், அந்த ஆவி சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தேங்குகிறது. துரு உள்ளேயிருந்துதான் தின்னும். நான் 304 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுத்தேன், இன்றுவரை ஒரு ஓட்டை இல்லை. வாங்கும்போது நேரான பகுதியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். 304 இழுக்காது, விலை குறைந்த 409 ரகம் கப்பென்று பிடிக்கும். வளைவிலும் வெல்டிங்கிலும் 304 கூட லேசாகப் பிடிக்கலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

கழற்றிய கம்பெனி சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார். என்னுடையது தண்ணீர் வடித்து, பிளாஞ்சில் (போல்ட் போடும் விளிம்பில்) கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் இருக்கிறது. இப்போது குளிர்ந்த ஸ்டார்ட்டில் முன் ஜாயின்ட்டிலிருந்து உஸ்ஸென்று மெல்லிய சத்தம் வருகிறது, சூடேறியதும் நின்றுவிடுகிறது. கேஸ்கெட்டாகத்தான் இருக்கும். புதிது வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன், அடுத்த ஆயில் சர்வீஸில் மாட்டச் சொல்ல வேண்டும்.