டெமோவில் ஓடிய ஃபயர் செயலி: காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் ஒரு சிறிய கிளினிக். நோயாளியின் பரிசோதனை முடிவு, எடை, அலர்ஜி எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் செயலி வேண்டும் என்று ஒரு ஒப்பந்த நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். டெமோ அருமையாக ஓடியது, முழுப் பணமும் கைமாறியது. உண்மையான சர்வரில் இணைத்த வாரத்திலேயே ஒவ்வொன்றாகக் கழன்றது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே குறைகளை வேறு பலர் கட்டிக்கொடுத்த செயலிகளிலும் அப்படியே பார்க்கலாம்.

எஃப்.எச்.ஐ.ஆர். என்று எழுதி ஃபயர் என்று படிக்கிறோமே, அந்த மருத்துவத் தரவுத் தரத்தில் இயங்கும் சர்வர்களோடு பேச 'எஃப்எச்ஐஆர்கிளையண்ட்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, அதாவது முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்பு, இருக்கிறது. ஃபயர் சர்வர்களில் செயலிகள் அனுமதி பெற்று நுழையும் 'ஸ்மார்ட்' முறையை உருவாக்கிய ஸ்மார்ட் ஹெல்த் ஐடி குழுவின் படைப்பு, இலவசம், நன்றாக எழுதப்பட்டது. லைப்ரரியின் மேல் ஒரு குறையும் இல்லை. ஆத்தரைஸ் என்று ஒரு வரி, ரெடி என்று ஒரு வரி, ரிக்வெஸ்ட் என்று ஒரு வரி எழுதினால் நோயாளியின் பெயர் திரையில் வந்துவிடும். அரை நாள் வேலை. அந்த அரை நாள் வேலையைத்தான் மூன்று மாத வேலை என்று விற்கிறார்கள்.

டெமோ எங்கே நடந்தது என்பதுதான் முதல் கேள்வி. ஸ்மார்ட் குழுவே நடத்தும் லாஞ்சர் என்ற சோதனைக் களத்தில் வழக்கமாகக் கிளையண்ட் ஐடி (செயலியின் பதிவு அடையாளம்) எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும்; கேட்ட ஸ்கோப்பை, அதாவது எந்தத் தரவைப் படிக்கலாம் என்ற அனுமதியை, அப்படியே தரும்; நோயாளிகள் எல்லாம் கணினி உருவாக்கிய கற்பனை ஆட்கள், தரவும் துப்புரவாக இருக்கும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே ஓடியது என்பதற்காகக் காசு கொடுப்பது, கடைக்காரர் கூடத்துக்குள் ஓட்டிக் காட்டிய வண்டியை மலைப்பாதைக்கு வாங்குவது மாதிரி.

இந்தச் செயலியில் மிக ஆபத்தான குறை பக்கங்கள் சம்பந்தப்பட்டது. ஃபயர் சர்வரிடம் ஒரு நோயாளியின் அப்சர்வேஷன்களை (எடை, பரிசோதனை முடிவு போன்ற அளவீட்டுப் பதிவுகளை) கேட்டால் முழுவதையும் ஒரே மூச்சில் தராது. ஒரு பக்கம் தரும், அடுத்த பக்கத்தின் முகவரியை 'நெக்ஸ்ட்' என்ற இணைப்பில் வைக்கும். லைப்ரரியில் பேஜ்லிமிட் என்ற அமைப்பு இதற்குத்தான் இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 1. அதாவது ஒன்றும் சொல்லாமல் விட்டால் முதல் பக்கத்தோடு நின்றுவிடும். பிழை வராது, எச்சரிக்கையும் வராது. 0 என்று கொடுத்தால் எல்லாப் பக்கங்களையும் இழுத்துவரும். கூடவே ஃபிளாட் என்பதை ட்ரூ ஆக்கினால் பக்கம் பக்கமாக வரும் பதிவுக் கட்டுகளான பண்டில்களைப் பிரித்து ஒரே வரிசையாகக் கையில் தரும். கற்பனை நோயாளிக்கு இருப்பது கொஞ்சம் தரவு என்றால் ஒரு பக்கமே போதும், அதனால் டெமோவில் இது தெரியவே தெரியாது. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரின் கோப்பில்தான் தெரியும்.

இதோடு வரிசைப்படுத்தலும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். வரிசையைச் சொல்லும் சார்ட் பாராமீட்டரில் மைனஸ் டேட் என்று கேட்காவிட்டால், புதியது முதலில் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மேற்படி செயலி முதல் பக்கத்தின் முதல் பதிவை எடுத்து 'சமீபத்திய எச்பிஏ1சி' (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) என்று தலைப்புப் போட்டுக் காட்டியது. பரிசோதனையை அடையாளம் காட்டும் லாயிங்க் குறியீடு 4548-4 சரியாகவே இருந்தது, எண்ணும் அந்த நோயாளியுடையதுதான். ஆனால் அது பழைய வருடத்து எண். திரையைப் பார்க்கும் மருத்துவருக்குச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை.

அடுத்தது அலகு. அமெரிக்காவில் எடை பவுண்டிலும் பதிவாகும், கிலோவிலும் பதிவாகும். ஒரே நோயாளிக்கே இரண்டும் கலந்திருக்கும். லைப்ரரியில் யூனிட்ஸ் என்ற பகுதியில் கேஜி, சிஎம் என்று மாற்றிகள் இருக்கின்றன. எண்ணும் அலகும் சேர்ந்திருக்கும் வேல்யூகுவாண்டிட்டி புலத்தை அப்படியே கொடுத்தால் அலகின் குறியீட்டைப் பார்த்து மாற்றித் தரும். அறியாத குறியீடு வந்தால் பிழை எறியும். எறியத்தான் வேண்டும். அந்தப் பிழை தொல்லையாக இருக்கிறது என்று மாற்றியையே தூக்கிவிட்டு, வெறும் எண்ணை எடுத்துப் பக்கத்தில் 'கிலோ' என்று கையால் எழுதிவைத்திருந்தார்கள். 44 பவுண்டு எடையுள்ள குழந்தை உண்மையில் 20 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பாராசிட்டமால் கணக்குப் போட்டால் 300 வர வேண்டிய இடத்தில் 660 வரும். இதைச் சின்ன வடிவமைப்புப் பிழை என்று அவர்கள் பதில் எழுதியதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

ஆய்வக முடிவுகளுக்கு லைப்ரரி அலகு மாற்றித் தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் லிட்டருக்கு மில்லிமோலில் வந்தால், டெசிலிட்டருக்கு மில்லிகிராமாக்க 18ஆல் பெருக்குவது செயலி எழுதுபவரின் பொறுப்பு. 'என்டர்டு இன் எரர்' என்று நிலை குறிக்கப்பட்ட பதிவுகளை விலக்குவதும் அப்படியே. தப்பாகப் பதிந்துவிட்டோம் என்று செவிலியர் குறித்த இரத்த அழுத்தம் வரைபடத்தில் ஒரு மலைச்சிகரமாக நின்றால், அந்த வேலை செய்யப்படவில்லை என்று அர்த்தம்.

ஸ்கோப் விஷயத்தில் ஒரு நுணுக்கம். கேட்டதை எல்லாம் சர்வர் கொடுக்க வேண்டியதில்லை. நோயாளியோ மருத்துவமனையோ சிலவற்றை மறுக்கலாம், அப்போதும் உள்நுழைவு வெற்றிதான். எது கிடைத்தது என்பது, நுழைவுச் சீட்டான டோக்கனோடு சர்வர் அனுப்பும் டோக்கன் ரெஸ்பான்ஸில் ஸ்கோப் என்ற இடத்தில் வரும். கிளையண்டின் ஸ்டேட்டில் அதைப் படிக்கலாம். படிக்காமல், அனுமதி கிடைக்காத அலர்ஜியைக் கேட்டால் 403 என்ற 'அனுமதி இல்லை' பிழை வரும். அந்த 403ஐ விழுங்கிவிட்டு 'அலர்ஜி எதுவும் இல்லை' என்று பச்சை நிறத்தில் காட்டியது இந்தச் செயலி. 'தகவல் கிடைக்கவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றா? சோதிப்பது எளிது: அலர்ஜிக்கான ஸ்கோப்பை மட்டும் எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். முடிந்தால் பணம் கொடுப்பதற்கு முன்.

ஸ்மார்ட் முறையின் பதிப்பு 1இல் 'ரீட்' என்று எழுதிய ஸ்கோப் பதிப்பு 2இல் 'ஆர்எஸ்' என்று மாறியது. சில சர்வர்கள் ஒன்றை மட்டுமே ஏற்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் சிரித்துவிட்டு மறுத்துவிடலாம்.

பாதுகாப்புக்கு வருவோம். பிரவுசரில் செயலியைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். சோர்சஸ் பகுதியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்திக் 'கிளையண்ட்சீக்ரெட்' என்று தேடுங்கள். ஒரு மதிப்போடு அது தென்பட்டால், உங்கள் செயலியின் இரகசியத்தை உலகமே படிக்கலாம். அந்த அமைப்பு லைப்ரரியில் இருப்பது பிரவுசருக்கு வெளியே, நோட் (நோட்.ஜேஎஸ்) சர்வரில் ஓடும் செயலிகளுக்காக. பிரவுசரில் மட்டும் ஓடும் செயலி பப்ளிக் கிளையண்டாகப் பதிவாகி, நிலையான இரகசியம் இல்லாமல், ஒவ்வொரு உள்நுழைவுக்கும் புதிதாக ஒரு சாவியை உருவாக்கும் பிகேசிஇ முறையில் இயங்க வேண்டும். அதே தேடலில் 'பிகேசிஇமோட்' என்பதையும் பாருங்கள். 'டிஸேபிள்டு' என்றிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: எச்டிடிபிஎஸ் இல்லாத முகவரியில் பிரவுசர் கிரிப்டோ வசதியைத் தராது, பிகேசிஇ தோற்கும், சான்றிதழ் போடச் சோம்பல்பட்டு அதை அணைத்துவிட்டார்கள்.

பிறகு நெட்வொர்க் பகுதி. நோயாளித் தரவுக்கான கோரிக்கை எந்த முகவரிக்குப் போகிறது? மருத்துவமனையின் ஃபயர் சர்வருக்கா, ஒப்பந்தக்காரரின் சொந்த சர்வருக்கா? வேறு தளத்தின் தரவைப் பிரவுசர் தடுக்கும் கார்ஸ் தடையைச் 'சரிசெய்தோம்' என்று சொல்லி, தரவை வாங்கி அனுப்பும் தங்கள் இடை சர்வர் (ரிலே) ஒன்றை நடுவே நுழைத்துவிடுவது வழக்கம். அங்கே என்னென்ன பதிவாகிறது என்று உங்களுக்குத் தெரியாது. எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் நோயாளித் தரவு அந்த வழியாகப் போகவே கூடாது.

ஒரு மணி நேரம் கழித்து டோக்கன் காலாவதியானதும் வெள்ளைத் திரை வந்தால், டோக்கனைப் புதுப்பிக்க உதவும் ரிஃப்ரெஷ் டோக்கனைத் தரும் ஆஃப்லைன் ஆக்சஸ் அல்லது ஆன்லைன் ஆக்சஸ் ஸ்கோப்பைப் பெரும்பாலும் கேட்கவில்லை என்று பொருள். ரிஃப்ரெஷ் டோக்கன் இருந்தால் லைப்ரரி தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே டெமோவை இருபது நிமிடத்தில் முடிக்க விடாதீர்கள்; மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அதே திரையில் ஒரு பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். புதுத் தாவலில் திறந்தால் 'நோ ஸ்டேட் ஃபவுண்ட்' என்று வருவது வேறு கதை. லைப்ரரி தன் நிலையை செஷன் ஸ்டோரேஜில் வைக்கிறது, அது தாவலுக்குத் தாவல் தனி. அதைக் குறையாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இந்தியாவில் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த லைப்ரரியைப் போட்டிருக்கிறோம், எனவே ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனுக்குச் செயலி தயார் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். 2021 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டமும் ஃபயர் தரத்தின் ஆர்4 பதிப்பைத்தான் பயன்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் தரவு போகும் வழியே வேறு. நோயாளி ஒப்புதல் கொடுத்த பிறகு, தரவை வைத்திருக்கும் மருத்துவமனை அதைக் குறியாக்கத்தால் பூட்டி, கேட்டவரின் முகவரிக்குத் தானே அனுப்புகிறது. அதற்கு உங்கள் பக்கம் ஒரு சர்வர் வேண்டும், சாவிப் பரிமாற்றம் வேண்டும், பூட்டைத் திறக்கும் நிரல் வேண்டும். ஸ்மார்ட் லாஞ்ச் அங்கே கிடையாது. பிரவுசர் லைப்ரரி அந்த வேலையில் ஒரு மூலையைக்கூட முடித்துத் தராது.

கடைசியாக, பலர் மாட்டிக்கொள்ளும் இடம். கிளையண்ட் ஐடி யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறது? இந்தக் கிளினிக்குக்கு ஒப்பந்தக்காரரின் கணக்கில் பதிந்திருந்தார்கள். சண்டை வந்ததும் உள்நுழைந்த பின் திரும்பி வரும் ரீடைரக்ட் முகவரியைக்கூட மாற்ற முடியவில்லை; அதற்கும் பணம் கேட்டார்கள். இப்போதே அந்த நிலையில் இருப்பவர்கள் வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் உங்கள் நிறுவனத்தின் பெயரில் புதிதாக ஒரு செயலியைப் பதிந்து கிளையண்ட் ஐடி வாங்குங்கள். ரீடைரக்ட் முகவரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள், கடைசிச் சாய்கோடு உட்பட. ஒரு எழுத்து மாறினாலும் நுழைய விடாது. நிரலில் ஐடியை மாற்றி உண்மைச் சர்வரில் ஒரு சோதனை நோயாளியோடு ஓட்டிப் பாருங்கள். ஓடிய பிறகே பழைய பதிவை முடக்கும்படி மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதுங்கள், ஒப்பந்தக்காரருக்கு அல்ல.